சகலை வீட்டு மாடியில் ஒரு கொக்கிமுள்

பல்செட்காரருக்குப் பொறாமை அதிகம் என்று சொன்னால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார். "எனக்கென்ன பொறாமை? உலகத்துல நியாயம்னு ஒண்ணு வேண்டாமா?" என்பார். அந்த நியாயம் அவருக்கு வயிற்றுக்குள் இருந்தது. அடிக்கடி எரியும்.

பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு செயற்கைப் பல் செய்வது அவர் தொழில். வீட்டு முன்னறைதான் பட்டறை. மெழுகு, அச்சு வார்க்கும் சாந்து, உராயும் சின்ன மோட்டார், பல்லுக்குச் சாயம் தீட்டும் மயிரிழைத் தூரிகைகள். வேலையில் தேய்ந்துபோன இடுக்கியும் தூரிகையும் ஓய்வு பெற்றதும் அடுத்த அறை ஜன்னலுக்குப் போய்விடும். அங்கேதான் அவருடைய கள்ளிகள் இருந்தன. மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபோது மனைவி அழுதாள். அவரும் அழுதார், ஆனால் மறுவாரமே மகள் அறை ஜன்னலிலும் பலகை அடித்துவிட்டார்.

கள்ளி என்றதும் வேலியோரம் ஆளுயரத்துக்கு நிற்பதை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவை பாலைவனத்துக் குட்டிக் கள்ளிகள். பொத்தான் அளவு, எலுமிச்சை அளவு, மிஞ்சிப்போனால் ஒரு கைப்பிடி. தெரியாதவர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான், முள் வைத்த பந்து. பல்செட்காரர் பூதக்கண்ணாடி வில்லையை எடுத்தால் அப்படி இருக்காது. வெளிவட்டத்தில் எத்தனை முள், நடுவில் எத்தனை, நடுமுள் நேரா கொக்கியா, ஓரத்தில் ஊசியால் லேசாகக் குத்தினால் கசிவது பாலா தண்ணீரா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் பெயரைச் சொல்வார். ஊரில் கள்ளி வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பெயர்ச்சீட்டு தொலைந்த செடி எதுவானாலும் அங்கே அவரிடம்தான் வரும். "அவர் சொல்லிட்டா சரி" என்பார்கள். அதைக் கேட்கும்போது மட்டும் அவர் வயிறு குளிரும்.

வீட்டில் ஒரே ஒரு சட்டம், ஜன்னலில் யாரும் கை வைக்கக்கூடாது. மனைவி ஒருநாள் தூசி துடைக்க ஒரு தொட்டியை நகர்த்தி, அப்படியே திரும்ப வைத்தாள். வைத்தது அப்படியே இல்லை, முள் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது அவருக்குத் தெரியும். இரண்டு வேளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவள் தூரத்தில் நின்று பார்ப்பதோடு சரி.

அத்தனை செடிகளிலும் அவர் உயிரை வைத்திருந்தது ஒரு கொக்கிமுள்ளின் மேல். தபாலில் வந்த விதைப் பொட்டலத்தில் முளைத்தது அது ஒன்றுதான். உடம்பெல்லாம் வெள்ளை முள், ஒவ்வொரு முள்கொத்தின் நடுவிலும் தூண்டில் மாதிரி வளைந்த ஒரு கொக்கி. வெயில் காலம் தொடங்கும்போது தலையைச் சுற்றி வட்டமாக ரோஜா நிறத்தில் பூக்கும். பூத்து என்ன பயன்? காய்க்காது. இந்த வகை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறு விதையிலிருந்து வந்த இன்னொரு கொக்கிமுள்ளின் மகரந்தம் பட்டால்தான் விதை பிடிக்கும். இன்னொரு கொக்கிமுள் ஊரில் யாரிடமும் இல்லை. தன் செடியின் விதையைத் தானே விதைத்து, ஒரு தட்டு நிறைய மிளகு மிளகாக முளைத்து நிற்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே ஆசை. வேறு எதையும் அவர் யாரிடமும் கேட்டதில்லை.

ஒரு வருஷம் அது பக்கத்தில் ஒரு குட்டி விட்டது. பல்செட்காரருக்கு வாயெல்லாம் பல். ஆனால் சில வாரத்தில் குட்டியின் கால்மாட்டில் வெள்ளையாகப் பஞ்சு தெரிந்தது. மாவுப்பூச்சி என்று முடிவு கட்டினார். வேரில் இறங்கினால் தாய்ச்செடியும் போய்விடும். நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு இடுக்கியால் குட்டியைப் பிய்த்து, செய்தித்தாளில் சுற்றி மனைவியிடம் கொடுத்தார். வீட்டுக் குப்பையில் போடாதே, தெருக்கோடித் தொட்டியில் வீசிவிட்டு வா என்றார். அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

இனி சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனைவியின் தங்கை புருஷன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன், ஊருக்கே அவன் எல்போர்டு. கற்றுக்குட்டிகள் எத்தனை முறை சுவரில் இடிக்கப் போனாலும் பக்கத்து இருக்கையில் சிரித்துக்கொண்டே பிரேக்கை மிதிப்பான். மாமனார் வீட்டுக்குப் போனால் மூத்த மாப்பிள்ளைக்கு நாற்காலி கிடைக்கும், இவனுக்கு நாற்காலியோடு நாலு பேர் கூட்டமும் கிடைக்கும். பல்செட்காரர் ஒரு விஷயத்தை ஆதியோடந்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது எல்போர்டு ஒரு வார்த்தை போடுவான், சபை முழுக்கச் சிரிக்கும். அவர் மனைவியும் சிரிப்பாள். அதுதான் அவருக்கு ஆறவில்லை.

ஒரு விடுமுறை நாள் தங்கை வீட்டில் சாப்பாடு. எல்போர்டு அவர் தோளில் கை போட்டு மொட்டை மாடிக்கு அழைத்துப் போனான். துணிக்கொடிக்குப் பக்கத்தில், கைப்பிடிச்சுவர் மேல், பெயிண்ட் உரிந்த தகர டப்பா ஒன்று. "அண்ணா, இது உங்க கூட்டம்தானே? என்னன்னு சொல்லுங்க" என்றான்.

பல்செட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. டப்பாவில் இருந்தது ஒரு கொக்கிமுள். அதுவும் எப்படிப்பட்ட கொக்கிமுள்! அவருடையது சற்று நீண்டு, முள் வெளுத்து, இடைவெளி விட்டு நிற்கும். இது தட்டையாக மண்ணோடு அமுங்கி, பச்சையே தெரியாமல் முள்ளால் தன்னைப் போர்த்திக்கொண்டிருந்தது. கொக்கிகள் ஒவ்வொன்றும் ரத்தச் சிவப்பு. அவர் சட்டைப்பையிலிருந்து வில்லையை எடுத்தார்.  எண்ணினார், மறுபடி எண்ணினார். முள் கூடுதல், நிறம் வேறு, உருவம் வேறு. கொக்கிமுள்ளிலேயே அபூர்வமான ஒரு வகை உண்டு, பெயர் செங்கொக்கி என்று சங்கத்துப் பழைய ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறார், கண்ணால் பார்த்ததில்லை. பத்து வருஷமாக அவர் தேடாத இடமில்லை. அது இங்கே, ஒரு முள்ளின் பெயரும் தெரியாதவன் வீட்டில், பெயிண்ட் டப்பாவில் உட்கார்ந்திருக்கிறது!

"எங்கே கிடைச்சுது?"

"என்னமோண்ணா, இவதான் எங்கிருந்தோ கொண்டு வந்தா."

கீழே வந்து மைத்துனியைக் கேட்டார். "யாரோ குடுத்தாங்க அத்தான்" என்று சொல்லிவிட்டு அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. பல்செட்காரர் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. அன்றைக்குச் சாப்பிட்டது என்ன என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

மாடியில் எல்போர்டிடம் செங்கொக்கி என்று பெயர் சொன்னதே பிசகாகப் போயிற்று. அவன் வாய் சும்மா இருக்குமா, கற்றுக்குட்டிகளிடமெல்லாம் சொல்லி, சங்கம் வரைக்கும் சேதி போயிற்று. நூலக மாடியில் சங்கம் வருஷாவருஷம் வைக்கும் கண்காட்சிக்குச் செடியைக் கொண்டு வரச் சொன்னார்கள். எல்போர்டு அதே டப்பாவைக் கார் முன் இருக்கையில் வைத்து, பெல்ட் போட்டு அழைத்து வந்தான். பெயர்ச்சீட்டு எழுத வேண்டியவர் யார்? பல்செட்காரர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு 'செங்கொக்கி' என்று எழுதினார். முதல் பரிசு அதற்கு. மண்ணைச் சலித்து, தண்ணீரைச் சொட்டு சொட்டாக அளந்து வளர்த்த அவர் செடிக்கு ஆறுதல் பரிசு. ஆறுதலாவது ஒன்றாவது! எல்போர்டு மேடையிலேயே, "எல்லாம் அண்ணன் ஆசீர்வாதம்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். பல்செட்காரரும் தட்டினார், ஆனால் சத்தம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது எரிச்சலோடு எரிச்சலாக ஒரு எண்ணம் வந்தது. தன் செடிக்கு வேண்டிய மகரந்தம் அந்த மாடியில் இருக்கிறதே! கேட்டால் எல்போர்டு டப்பாவோடு தூக்கிக் கொடுத்துவிடுவான். அதனால்தான் கேட்கப் பிடிக்கவில்லை. கொடுத்துவிட்டு அதையும் சிரித்துக்கொண்டே நாலு பேரிடம் சொல்வான்.

பூக்கிற பருவத்தில் தங்கையைப் பார்த்து நாளாச்சே என்று அவரே மனைவியிடம் பேச்செடுத்தார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உச்சி வெயிலில்தான் இந்தப் பூ முழுக்க விரியும். சாப்பாட்டுக்கு நடுவே, தண்ணீர்த் தொட்டி மூடி ஆடுகிற சத்தம் கேட்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். அப்படி எந்தச் சத்தமும் இல்லை. எல்போர்டும் எழுந்தான். நீ சாப்பிடுப்பா என்று அமுக்கி உட்கார வைத்துவிட்டு மாடி ஏறினார். சட்டைப்பையில் பல்லுக்குச் சாயம் தீட்டும் தூரிகை, ஒரு காலி மாத்திரைக் குப்பி. வாழ்நாளில் அடுத்தவர் பேனாவைக்கூட எடுக்காத மனுஷன், குனிந்து குனிந்து மகரந்தத்தைத் திருடினார். மைத்துனி துணி எடுக்க மேலே வந்தாள். குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு, சும்மா காற்று வாங்க வந்தேன் என்றார். காற்று எங்கே இருந்தது, சுவர் கொதித்துக்கொண்டிருந்தது.

இறங்கி வந்ததும் மனைவி கேட்டாள். "மீசையில என்ன மஞ்சளா?"

"சாப்பாடு" என்று துடைத்துக்கொண்டார். 

அன்று சாயங்காலத்துக்குள் தன் கொக்கிமுள்ளின் ஒவ்வொரு பூவிலும் அந்த மகரந்தத்தைத் தொட்டு வைத்தார். விதை பிடித்தால் முள்களுக்கு நடுவிலிருந்து குட்டி மிளகாய் போலச் சிவப்புக் காய் எட்டிப் பார்க்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். காத்திருந்தார். காலையில் பல் விளக்குவதற்கு முன் வில்லையோடு ஜன்னலில் நிற்பார். மழை வந்தது, குளிர் வந்தது, காய் வரவில்லை. அடுத்த பருவம் மறுபடி தொட்டி மூடி ஆடிற்று, மறுபடி மாடி ஏறினார். இந்த முறை தூரிகை நிறைய நிறைய எடுத்தார். அப்போதும் ஒன்றும் இல்லை. அவன் செடியின் மகரந்தத்துக்குக்கூட என் செடி இளப்பமா என்று அவருக்குத் தோன்றியது. தோன்றினால் தோன்றட்டும், அவர் அப்போது அந்த நிலைமையில் இருந்தார்.

சங்கத்துச் செயலாளர் ஓய்வு பெற்ற நர்ஸ். யாருக்கும் எதையும் பூசி மெழுகிச் சொல்லத் தெரியாதவர். யாரோ ஒரு நண்பருக்கு இப்படி ஆயிற்றாம் என்று பல்செட்காரர் அவரிடம் கேட்டார். திருட்டு நடந்ததை மட்டும் விட்டுவிட்டார்.

நர்ஸம்மா யோசிக்கவே இல்லை. "ரெண்டும் ஒரே செடியா இருக்கும். ஒண்ணோட குட்டி இன்னொண்ணு. தாய்க்கும் குட்டிக்கும் ஒரே ரத்தம், விதை பிடிக்காது."

"அது எப்படிம்மா? முள்ளு நிறமே வேற. உருவமே வேற."

"நிழல்ல ஒண்ணு, மொட்டை வெயில்ல ஒண்ணு வளர்ந்தா அப்படித்தான் இருக்கும். இது உங்களுக்கே தெரியுமே."

தெரியும். புதிதாகச் சங்கத்தில் சேருகிறவர்களுக்கு அவரே எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்ததுதான். வெயில் ஏறினால் முள் தடிக்கும், சிவக்கும், உடம்பு அமுங்கும். வேறு யாருடைய மாடியில் பார்த்திருந்தாலும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டிருப்பார். எல்போர்டு வீட்டு மாடியில் அவர் கேட்கவில்லை. அங்கே அவர் முள்ளை எண்ணும்போதே கண் அவனுடைய அதிர்ஷ்டத்தை எண்ணிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் தங்கச்சி வீட்டுச் செடி எங்கேயிருந்து வந்துது?"

அவள் கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். "நீங்க வீசச் சொன்னது."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அதுல பூச்சி இருந்துதே."

"எனக்குப் பூச்சி தெரியாது. உசுரோட இருக்கறதைக் குப்பையில போட மனசு வரல. போற வழியில தங்கச்சிகிட்ட குடுத்துட்டேன்."

பூச்சியாக இருந்திருந்தால் குட்டி பிழைத்திருக்காது. அது கொக்கிமுள் தன் இடுக்குகளில் தானே விடும் பஞ்சு. ஜன்னலில் தாய்ச்செடி அதே பஞ்சோடு நின்றுகொண்டிருந்தது. பயத்தில் அவர் கண்ணுக்கு அது பூச்சியாகத் தெரிந்திருக்கிறது. ஆக, பிள்ளையைக் குப்பைக்கு அனுப்பியதும் அவர்தான், அது அடுத்தவன் வீட்டில் வளர்ந்து நின்றதைப் பார்த்து வயிறெரிந்ததும் அவர்தான்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? கொண்டு வந்து அந்த ஜன்னல்ல வெச்சிருப்பீங்க. நான் தள்ளி நின்னு பார்த்திருப்பேன்." அவள் குரல் உயரவில்லை. "அங்கே போனா நான் தொடலாம். தண்ணி ஊத்தலாம். மீசையில மஞ்சளோட எறங்கி வந்தீங்களே, அன்னைக்கே சொல்லிடலாம்னு பார்த்தேன். பாவமா இருந்துது. ஆனா சொல்ல வாய் வரல."

மழை இருட்டிக்கொண்டு வந்தால் தங்கைக்குப் போன் போட்டு, மேலே இருப்பதை மூடிவிட்டாயா என்று இவள் கேட்பது அவர் காதில் எத்தனை தடவை விழுந்திருக்கிறது. துணியைச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தார்.

இந்த இடத்தில் மனுஷன் திருந்தினார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அவர் மனசு போன வழி வேறு. அது செங்கொக்கி இல்லையென்றால், எல்போர்டு வாங்கிய பரிசு மட்டும் எப்படிச் செல்லும்? அந்த எண்ணம் வந்ததும் துக்கம் பாதி குறைந்தது. தான் தப்பாகப் பெயர் சொன்னது வெளியே தெரியும், ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். அவன் பரிசு இறங்க வேண்டும். மறுநாள் நர்ஸம்மா வீட்டுக் கதவைத் தட்டி, தன் வாயாலேயே சொன்னார், நான் எழுதிய சீட்டு தப்பு, அது சாதாரணக் கொக்கிமுள்தான் என்று.

நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பேருக்கா பரிசு குடுத்தோம்? வளர்த்திருந்த அழகுக்குக் குடுத்தோம். சீட்டை மாத்தி எழுதிடுங்க, பரிசு அவங்களுக்குத்தான்."

 பல்செட்காரர் வந்த வழியே திரும்பினார். வளர்த்த அழகாம். யார் வளர்த்த அழகு என்று சங்கத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

சில வாரம் கழித்து எல்போர்டு வந்தான். கையில் காது உடைந்த காபிக் கோப்பை, அதில் மண், மண்ணின் மேல் பட்டாணி அளவு ஒரு சிவப்பு முள்பந்து. சீட்டு மாறிய சேதி அவனுக்கும் போயிருந்தது. அவன் அதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"அண்ணா, குட்டி விட்டிருக்கு. பேரு வெச்சவர் நீங்க. முதல் குட்டி உங்களுக்குத்தான்னு சொல்லிட்டேன்."

இருந்த ஒரே குட்டியை அவன் அவருக்குக் கொடுக்க வந்திருந்தான்.  பல்செட்காரர் நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தார், ஆனால் அவர் கண் அதற்குள் ஜன்னலில் இடம் தேடிவிட்டது. தாய்ச்செடிக்கு இடதுபுறம், இரண்டு தொட்டிகளை நகர்த்தினால் போதும். இரண்டு கையையும் நீட்டினார்.

பக்கத்திலிருந்து மனைவி கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

எல்போர்டு சிரித்தான், அண்ணனை அக்கா முந்திட்டாங்க என்று ஏதோ சொன்னான். அவள் சிரிக்கவில்லை. கோப்பையோடு பின்கட்டுக்குப் போய், துவைக்கும் கல்லுக்கு மேலே வெயில் நாள் முழுக்க அடிக்கும் சுவரில் அதை வைத்தாள். பல்செட்காரர் பின்னாலேயே போனார். கோப்பையின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதா, இல்லையென்றால் வேர் அழுகிவிடுமே என்று பார்க்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றாள். "பார்க்கணும்னா தள்ளி நின்னு பாருங்க."

அந்தக் குட்டி இன்றைக்கு எலுமிச்சை அளவு இருக்கிறது. பட்டறையில் பல்லுக்குச் சாயம் தீட்டும்போது நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் பின்கட்டுச் சுவர் தெரியும், அவர் திருப்பித்தான் போட்டிருக்கிறார். அவள் கோப்பையைத் திருப்பி வைப்பதையும், விரல் நுனியால் முள்ளைத் தடவுவதையும், ஏதோ பேசுவதையும் பார்த்துக்கொண்டிருப்பார். வயிறு எரியும். போன மழைக்கு, முதல் சொட்டு விழுந்ததும் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஒரு கண்ணாடித் துண்டோடு பின்கட்டுக்கு ஓடினார். அவள் முன்னமே மூடியிருந்தாள்.